தண்ணீர் வரவில்லை, வாடை அடிக்கிறது, குழாய் உடைகிறது: சிறு நகரக் குடிநீர்ப் பழுதுகளை அறிகுறி வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

முப்பது, நாற்பதாயிரம் பேர் வசிக்கும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். பாதித் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இருந்து வருகிறது, மீதி ஊருக்குச் சொந்தமான ஆழ்துளைக் கிணறுகளில் இருந்து. ஒரு தரைமட்டத் தொட்டி, நான்கைந்து மேல்நிலைத் தொட்டிகள், ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மணி நேரம் விநியோகம். தமிழ்நாட்டில் பல நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஏறக்குறைய இப்படித்தான் ஓடுகின்றன. அப்படி ஓர் ஊரில் புதிதாகப் பொறுப்பேற்கும் பொறியாளர், பிட்டர், பம்ப் ஆபரேட்டர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

புகார் ஒரு தெருவில் இருந்து வரும். பழுது பல நேரம் வேறெங்கோ இருக்கும். அதனால் கடப்பாரையோடு கிளம்புவதற்கு முன் புகார் சொன்னவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எப்போதிலிருந்து? உங்கள் வீட்டில் மட்டுமா, தெரு முழுக்கவா? திறந்தவுடனே இப்படியா, கொஞ்ச நேரம் கழித்தா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் தோண்ட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். புகார்ப் பதிவேட்டில் "தண்ணீர் வரவில்லை" என்று ஒரு வரியோடு நிறுத்தாமல் இந்தப் பதில்களையும் எழுதச் சொல்லுங்கள்.

ஊர் முழுக்கத் தண்ணீர் குறைந்துவிட்டது

முதலில் பம்ப் அறைக்குப் போங்கள். அங்கே பார்க்க வேண்டியவை இரண்டு: டெலிவரி குழாயில் (பம்பில் இருந்து தண்ணீர் வெளியேறும் குழாயில்) இருக்கும் பிரஷர் கேஜ் என்ற அழுத்தமானி, ஸ்டார்டர் பலகையில் இருக்கும் ஆம்பியர் மீட்டர். பல ஊர்களில் கேஜின் முள் உடைந்து வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். அப்படியென்றால் உங்கள் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கேஜ் இல்லாமல் பல ஆயிரம் ரூபாய்க்குச் சாலையைத் தோண்டுகிறோம்.

கணக்கு எளிது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ) அழுத்தம். பம்பில் இருந்து தொட்டியின் மேல்வாய் 22 மீட்டர் உயரத்தில் இருந்து, குழாய் உராய்வுக்கு ஒரு 8 மீட்டர் போனால், பம்ப் ஓடும்போது கேஜ் 3 கிலோவை ஒட்டி நிற்க வேண்டும். எல்லாம் நன்றாக ஓடும் ஒரு நாளில் கேஜும் ஆம்பியரும் எவ்வளவு காட்டுகின்றன என்பதைச் சுவரில் பெயிண்டால் எழுதிவையுங்கள். பழுது வரும் நாளில் ஒப்பிட வேறு எதுவும் இருக்காது.

கேஜ் இறங்கி ஆம்பியர் ஏறியிருந்தால் பம்ப் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் தள்ளுகிறது, ஆனால் அது தொட்டிக்குப் போகவில்லை. பம்பிங் மெயினில் (பம்பில் இருந்து தொட்டிக்குப் போகும் குழாயில்) பெரிய உடைப்பு இருக்கிறது, அல்லது யாரோ ஸ்கவர் வால்வை (குழாயைக் கழுவி வெளியேற்றும் வால்வை) திறந்துவிட்டிருக்கிறார்கள். கேஜ் ஏறி ஆம்பியர் இறங்கியிருந்தால் வழியில் அடைப்பு. மூடிக் கிடக்கும் வால்வு, கழன்று விழுந்த வால்வுக் கதவு, மேட்டில் தங்கிய காற்று, இவற்றில் ஒன்று. இரண்டுமே இறங்கி முள் ஆடிக்கொண்டிருந்தால் கோளாறு உறிஞ்சும் பக்கத்தில். சம்பில் (தரைமட்டத் தொட்டியில்) மட்டம் இறங்கியிருக்கும், உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வில் குப்பை சிக்கியிருக்கும், இல்லையென்றால் பம்பின் தண்டைச் சுற்றியுள்ள கிளாண்ட் அடைப்பு வழியாகக் காற்று இழுக்கும்.

எந்தப் பக்கம் என்று சந்தேகமாக இருந்தால் டெலிவரி வால்வை மெதுவாக முழுக்க மூடி, ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டாமல், கேஜைப் பாருங்கள். பம்ப் நன்றாக இருந்த காலத்தில் காட்டிய அளவையே இப்போதும் காட்டினால் பம்ப் மேல் குற்றமில்லை, குழாயைத் தேடுங்கள். அதைவிடக் குறைவாக நின்றால் இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) தேய்ந்திருக்கிறது, அல்லது பம்ப் தலைகீழாகச் சுற்றுகிறது.

தலைகீழாகச் சுற்றுவது அபூர்வமான விஷயமில்லை. மின் லைனிலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ வேலை நடந்த மறுநாள் "பம்ப் ஓடுது, தண்ணி ஏறல" என்று ஆபரேட்டர் சொன்னால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஃபேஸ் மாறியிருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். மோட்டார் ஓடாமல் உறுமிக்கொண்டே சூடேறினால் ஒரு ஃபேஸ் இல்லை. உடனே நிறுத்துங்கள். மூன்று ஜோடிகளிலும் வோல்டேஜ் பாருங்கள், மூன்றும் 415-ஐ ஒட்டி, ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டரைக் கழற்றி நேரடியாக இணைத்து ஓட்டும் வழக்கம் எங்கே இருந்தாலும் அதை நிறுத்திவிடுங்கள். அந்த ஒரு நாள் தண்ணீருக்காக மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்து, ஊர் ஒரு வாரம் தவிக்கும்.

உடைப்பு இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை

தரைக்கு மேல் தண்ணீர் தெரிந்தால் வேலை சுலபம். மணல் பூமியிலும், சாக்கடைக்குப் பக்கத்திலும் உடைந்தால் மேலே ஒன்றுமே தெரியாது.

பம்பிங் மெயினுக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. தண்ணீர் பம்புக்குத் திரும்பாமல் தடுக்கும் "நான் ரிட்டர்ன்" வால்வைத் தாண்டிக் குழாய்ப் பக்கமாக ஒரு கேஜ் இருக்க வேண்டும். பம்பை நிறுத்துங்கள். குழாய் நன்றாக இருந்தால் கேஜ் தொட்டி உயரத்துக்குரிய அளவில், நம் உதாரணத்தில் 2.2 கிலோவில், நின்றுவிடும். உடைப்பு இருந்தால் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிற்கும். 0.6 கிலோவில் நின்றால் உடைப்பு பம்ப் அறையைவிட ஏறக்குறைய 6 மீட்டர் உயரமான இடத்தில் இருக்கிறது என்று பொருள். ஊரின் மேடு பள்ளம் தெரிந்த பழைய வால்வுமேனிடம் கேட்டால் அது எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார். தொட்டிக்குள் தண்ணீர் மேல்வாய் வழியாக விழும் அமைப்பில்தான் இந்தச் சோதனை சரியாக வரும். அடி வழியாக ஏறும் அமைப்பென்றால் தொட்டிப் பக்க வால்வை மூடிவிட்டுச் செய்யுங்கள். வழியெல்லாம் ஏற்ற இறக்கமாக இருந்தால் இதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விநியோகக் குழாய்களுக்குத் தொட்டியை வைத்துச் சோதிக்கலாம். உள்விட்டம் 8 மீட்டர் உள்ள தொட்டியில் மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினால் 500 லிட்டர் போயிருக்கிறது. இரவு 1 மணிக்குமேல், முதலில் வெளியேற்று வால்வை மூடி ஒரு மணி நேரம் பாருங்கள். அப்போதே இறங்கினால் தொட்டியே கசிகிறது, இல்லையென்றால் அந்த வால்வு சரியாக மூடவில்லை. அது நிற்கிறது என்றால் வால்வைத் திறந்து, ஒவ்வொரு பகுதி வால்வாக மூடிக்கொண்டே வாருங்கள். எந்த வால்வை மூடியதும் மட்டம் இறங்குவது சட்டென்று குறைகிறதோ அந்தப் பகுதியில்தான் கசிவு. அப்புறம் ஒரு இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாய் மேலும் மறுமுனையைக் காதிலும் வைத்து நடந்தால் இரவு நிசப்தத்தில் சீறும் ஒலி கேட்கும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். குழாய் எங்கே வளைகிறது, எந்த வால்வு எத்தனை சுற்றில் மூடும் என்ற வரைபடம் பல ஊர்களில் காகிதத்தில் இல்லை, ஓய்வுபெறப் போகும் ஒன்றிரண்டு பேரின் நினைவில்தான் இருக்கிறது. அவர்களோடு தெருத்தெருவாக நடந்து எழுதிக்கொள்வதைவிட அவசரமான வேலை புதிய பொறியாளருக்கு வேறில்லை.

ஒரு தெருவுக்கு மட்டும் வரவில்லை

தெரு முனைக் குழாயில் ஒரு கேஜை மாட்டிப் பாருங்கள். மாடியில்லாத வீடுகளுக்கே 7 மீட்டர், அதாவது 0.7 கிலோ, இருக்க வேண்டும் என்றது நம் நாட்டின் 1999 வடிவமைப்புக் கையேடு. விநியோகம் தொடங்கிய முதல் பத்து நிமிடம் அழுத்தம் நன்றாக இருந்து, பிறகு ஒரேயடியாக விழுந்தால் வீடுகளில் மோட்டார் வைத்து நேரடியாக உறிஞ்சுகிறார்கள். அந்தப் பகுதியில் ஐந்து நிமிடம் மின்சாரம் நின்றால் கடைசி வீட்டுக்கும் தண்ணீர் வந்துவிடும், அது போதிய சாட்சி. மோட்டாரைப் பறிமுதல் செய்வது ஒரு வழிதான். ஆனால் தெருக்கோடியில் இருப்பவருக்கு ஒழுங்காகத் தண்ணீர் கொடுக்காமல் பறிமுதல் மட்டும் செய்தால் அடுத்த வாரம் வேறொரு மோட்டார் வந்துவிடும்.

தொடக்கத்தில் இருந்தே அழுத்தம் இல்லையென்றால் வால்வைப் பாருங்கள். ஸ்பிண்டில் (வால்வைத் திருகும் தண்டு) எங்கும் நிற்காமல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே கதவு கழன்று விழுந்து வழியை மறித்திருக்கிறது. கோடையில் நாள்கணக்கில் காலியாகக் கிடந்த குழாய் என்றால் மேட்டில் காற்று தங்கியிருக்கும். காற்றை வெளியேற்றும் ஏர் வால்வு இருந்தால் அதைச் சுத்தம் செய்யுங்கள், இல்லையென்றால் மேட்டில் உள்ள வீட்டுக் குழாய்களைத் திறந்துவைத்து மெதுவாக நிரப்புங்கள். ஒரே ஒரு வீட்டில் மட்டும் வரவில்லை என்றால் அநேகமாக ஃபெரூலில் (தெருக் குழாயோடு வீட்டு இணைப்பு சேரும் இடத்தில்) கல்லோ வண்டலோ அடைத்திருக்கும்.

நிறம் மாறி வருகிறது

ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வையுங்கள். பால்போல வெளுத்திருந்து அடியில் இருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது காற்று, பயப்பட வேண்டாம். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, வைத்த பிறகு சிவந்தால் ஆழ்துளைக் கிணற்றில் கரைந்த இரும்பு. பிடிக்கும்போதே சிவப்பாக இருந்தால் குழாயின் துரு. திறந்த முதல் சில நிமிடம் மட்டும் கலங்கல் என்றால் தெருக்கோடியில் படிந்த வண்டல், கோடியில் ஒரு ஸ்கவர் வைத்து மாதம் ஒருமுறை திறந்துவிட்டால் போதும். விநியோக நேரம் முழுக்கக் கலங்கல் என்றால் தொட்டியைக் கழுவி நாளாகிவிட்டது, அல்லது எங்கோ உடைப்பு வழியாக மண் உள்ளே வருகிறது.

நிறமும் வாடையும் காட்டாத கெடுதலும் உண்டு. ஃப்ளோரைடு நாக்குக்கும் கண்ணுக்கும் தெரியாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீராதாரமே இல்லாவிட்டாலும் 1.5-ஐத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட பிறகுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆகவே புதிய ஆழ்துளைக் கிணறு எதையும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதிக்காமல் இணைக்காதீர்கள்.

சாக்கடை வாடை அடிக்கிறது, அல்லது ஒரே தெருவில் பலருக்கு வயிற்றுப்போக்கு

இந்தப் புகார் வந்தால் மற்ற எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு இதற்கு ஓடுங்கள். காரணம் தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டியவை மூன்று. அந்தப் பகுதியின் வால்வை மூடுங்கள். லாரியில் குளோரின் கலந்த தண்ணீர் அனுப்புங்கள். பிடித்து வைத்த தண்ணீரைக் கொட்டிவிடவும், கிடைக்கும் தண்ணீரைக் கொதி வந்த பிறகு ஒரு நிமிடமாவது கொதிக்கவைத்துக் குடிக்கவும் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். நகர்நல அலுவலருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் உடனே தகவல் போக வேண்டும். மறைக்க நினைத்தால் நோயாளிகள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் உங்களுக்குக் கிடைக்காது, அந்தப் பட்டியல்தான் உங்களுக்கு வேண்டிய முதல் துப்பு.

இது ஏன் நடக்கிறது? ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடுவதால்தான். விநியோகம் நின்றதும் குழாய் காலியாகி உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. சாக்கடைக்குள் மூழ்கிக் கிடக்கும் வீட்டு இணைப்புக் குழாயில் ஊசி முனை ஓட்டை இருந்தாலும் போதும், கழிவு நீர் உள்ளே இழுக்கப்படும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் மோசம். 24 மணி நேரமும் அழுத்தத்தில் இருக்கும் குழாயில் இந்த ஆபத்து மிகக் குறைவு. ஒடிசாவின் பூரி நகரம் 2021-ல் நாள் முழுக்கக் குழாயில் இருந்தே குடிக்கத்தக்க தண்ணீர் தரத் தொடங்கியது. சிறு நகரத்துக்கு எட்டாத இலக்கு அல்ல அது.

சரி, ஓட்டையைக் கண்டுபிடிப்பது எப்படி? தண்ணீரை மீண்டும் கொஞ்ச நேரம் திறக்க வேண்டும். அதற்குமுன் வீடு வீடாகச் சொல்லிவிட்டு, தொட்டியில் குளோரினை வழக்கத்தைவிடக் கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு குளோரின் அளக்கும் குளோரோஸ்கோப்பை எடுத்துக்கொண்டு தொட்டியில் இருந்து தெருவை நோக்கி ஒவ்வொரு வீடாக எஞ்சிய குளோரினைப் பாருங்கள். வீட்டுத் தொட்டியில் இருந்து பிடிக்கக் கூடாது, தெருக் குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் பிடிக்க வேண்டும். லிட்டருக்கு 0.6, 0.6, 0.5 மில்லிகிராம் என்று வந்துகொண்டிருந்து, திடீரென ஒரு வீட்டில் இருந்து சைபர் என்று வந்தால் நீங்கள் தேடும் இடம் அந்த இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கிறது. கழிவு நீர் கலந்த இடத்தில் குளோரின் முழுக்கத் தின்னப்பட்டுவிடும். அங்கே சாக்கடையைக் கடக்கும் ஒவ்வொரு இணைப்பையும் தோண்டிப் பாருங்கள். கைவிடப்பட்ட பழைய இணைப்புகளைத்தான் முதலில். வீடு இடித்துக் கட்டும்போது பழைய குழாயை வெறும் துணி கட்டி மண்ணில் புதைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

நுண்ணுயிர்ச் சோதனைக்கான மாதிரியை ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் மட்டும் பிடியுங்கள். குளோரினை முறிக்கும் மருந்து அதில் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும், கழுவிவிடக் கூடாது. ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். முடிவு வர நாளாகும், அதுவரை காத்திருக்காமல் மேலே சொன்னதைச் செய்துகொண்டே இருங்கள்.

தெருக்கோடியில் குளோரின் காட்டவில்லை

கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும். இல்லையென்றால், கழிவு கலக்கவில்லை என்று உறுதியான பிறகு, மூட்டையைச் சந்தேகப்படுங்கள். புதிய பிளீச்சிங் பவுடரில் 33 சதவீதம் வரை குளோரின் இருக்கும். வாய் பிரித்து வைத்த மூட்டை வெயிலிலும் ஈரத்திலும் வலுவிழந்துகொண்டே போகும். 2 லட்சம் லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் போட 400 கிராம் குளோரின் வேண்டும். புதிய பவுடரில் அது 1.2 கிலோ, 20 சதவீதத்துக்கு இறங்கிய பவுடரில் 2 கிலோ. "எப்பவும் போடுற அளவுதான் சார் போட்டேன்" என்று ஆபரேட்டர் சொல்வது உண்மையாகவே இருக்கும். பவுடர்தான் பழைய வலுவோடு இருக்காது.

பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். ஊற்றி அரை மணி நேரம் கழித்துத்தான் விநியோகம். பம்ப் ஓடும் நேரம் முழுக்கச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் டோசிங் பம்ப் இருந்தால் அதன் சிறு குழாயில் சுண்ணாம்பு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், பாதி நேரம் அதுதான் காரணம்.

குளோரின் வாயு உருளை வைத்திருக்கும் நிலையங்களில் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த வாயு காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், தரையோடு படரும். கசிந்தால் காற்று எந்தத் திசையில் இருந்து வீசுகிறதோ அந்தத் திசையை நோக்கி மேட்டுக்கு ஓட வேண்டும். கசியும் இடத்தில் தண்ணீர் ஊற்றினால் அரிப்பு கூடிக் கசிவு பெரிதாகும். சுவாசக் கருவியோடு கூடிய முகக்கவசம் இல்லாமல் யாரையும் உள்ளே அனுப்பாதீர்கள். சம்புக்குள் இறங்கும் வேலைக்கும் இதே கண்டிப்பு வேண்டும்: மூடிகளை முன்கூட்டியே திறந்து காற்றோட்டம் விட்டு, உள்ளே காற்று சுவாசிக்கத் தக்கதா என்று கருவி வைத்துப் பார்த்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆள் நின்ற பிறகே இறங்க வேண்டும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உடைகிறது

மூன்றாவது முறையும் அதே இடத்தில் ஒட்டுப் போடப் போகிறீர்கள் என்றால் குழாயைவிடப் பம்ப் இயக்கத்தைப் பாருங்கள். மின்சாரம் சட்டென்று நிற்கும்போது மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி வந்து நான் ரிட்டர்ன் வால்வில் மோதும். அறையே அதிரும் அந்தச் சத்தம் கேட்கிறதா என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். டெலிவரி வால்வை மூடிவைத்து பம்பைத் தொடங்கி மெதுவாகத் திறப்பது, நிறுத்தும்போது மெதுவாக மூடிவிட்டு நிறுத்துவது, மின்சாரம் வந்ததும் தானே ஓடத் தொடங்கும் ஸ்டார்டருக்குச் சில நிமிடத் தாமதம் வைப்பது, இவை மூன்றும் பெரிய செலவு கேட்காத மருந்து.

மேட்டில் உள்ள ஏர் வால்வும் இதில் பங்காளி. அடைத்துக்கொண்டால் காற்று தங்கி அழுத்தம் தாறுமாறாகும். கூட்டுக் குடிநீர்க் குழாய் போகும் சாலையோரங்களில் ஏர் வால்வு கசியும் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்க்கலாம். அவர்களை விரட்டுவதைவிட அங்கே ஒரு பொதுக்குழாய் கொடுத்துவிட்டு வால்வுக் குழியைத் தூர்வாரி மூடி போடுவதுதான் நல்லது. அந்தக் குழியில் தேங்கும் அழுக்கு நீர், குழாய் காலியாகும்போது உள்ளேதான் போகிறது.

விநியோக வால்வுகளையும் காலிக் குழாயில் முழுக்கத் திறக்கக் கூடாது. கால் பங்கு திறந்து, காற்று போகும் வரை பொறுத்து, அப்புறம் மீதி.

கோடையில் நீராதாரமே இறங்குகிறது

திருச்சி, கரூர் பக்கம் காவிரி, கொள்ளிடம் மணலில் உள்ள சேகரிப்புக் கிணறுகளை நம்பித் தொலைதூர ஊர்களும் வாழ்கின்றன. ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டமே திருச்சி அருகில் இருந்துதான் கிளம்புகிறது. பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்க மரபாக வைத்த நாள் ஜூன் 12. அதற்கு முந்தைய மாதங்களில் ஆற்றில் ஓட்டம் இல்லாதபோது கிணற்று மட்டம் இறங்குவதைப் பழுது என்று நினைத்து பம்பைப் பிரிக்காதீர்கள். பம்ப் ஓடும்போது மட்டம், நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து மட்டம், இரண்டையும் வாரம் ஒருமுறை எழுதினால் புரிந்துவிடும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் நீராதாரம் வற்றுகிறது. நிறுத்தினால் மேலே வந்து, ஓட்டினால் மட்டும் ஆழமாக இறங்கினால் கிணற்றின் வடிகட்டிக் குழாய்கள் அடைபட்டிருக்கின்றன, சுத்தம் செய்தால் தேறும்.

மின் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது

1 லட்சம் லிட்டர் தண்ணீரை 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்றக் கணக்குப்படி 8 யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். பம்ப், மோட்டார் இழப்புகளைச் சேர்த்தால் 13, 14 யூனிட் நியாயம். 20-ஐத் தாண்டினால் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், பாதி மூடிய வால்வுக்கு எதிராக பம்ப் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கலாம். இதைப் பார்க்க நீர் மீட்டரும் மின் மீட்டரும் ஒரே நேரத்தில் படிக்கப்பட வேண்டும், அவ்வளவுதான்.

வேலை முடிந்தது என்று எப்போது சொல்லலாம்

பள்ளத்தை மூடியதும் அல்ல. மாற்றிய குழாய்த் துண்டின் உட்புறத்தைப் பிளீச்சிங் கரைசலால் துடைத்துப் பொருத்தி, கோடி ஸ்கவரைத் திறந்து தண்ணீர் தெளியும் வரை ஓடவிட்டு, கடைசி வீட்டில் 0.2 காட்டிய பிறகு சொல்லலாம். பிறகு லாக் புத்தகத்தில் உடைந்த இடம், குழாய் வகை, ஆழம், மூடிய வால்வுகள், ஒவ்வொன்றும் எத்தனை சுற்று என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். புகார் கொடுத்தவருக்கு மறுநாள் விநியோகம் முடிந்ததும் ஒரு போன் செய்து தண்ணீர் வந்ததா என்று கேளுங்கள்.